ஆள் நடமாட்டம்: 1995 சிகாகோ வெயிலும் இரண்டு பேட்டைகளும்

1995 ஜூலையில் சிகாகோவில் அடித்த வெயிலுக்கு, நகரின் மேற்குப் பக்கம் இருக்கும் வட லாண்டேல் என்ற பேட்டையில் 19 பேர் பலியானார்கள். அதை ஒட்டி, ஒரு சாலையைத் தாண்டித் தெற்கே இருக்கும் தென் லாண்டேலில் 3 பேர். மக்கள்தொகையோடு வகுத்துப் பார்த்தால் வடக்கே லட்சத்துக்கு 40, தெற்கே 4கூட இல்லை. இரண்டிலும் ஏழைகள் அதிகம். தனியாக வாழும் முதியவர்களின் விகிதமும் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வெயிலும் ஒரே வெயில். அப்படியென்றால் இந்தப் பத்து மடங்கு எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்வியை வைத்துச் சமூகவியலாளர்கள் கடுமையாகச் சண்டை போட்டிருக்கிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் வானிலை பற்றிய விவகாரம். உள்ளே போனால், பெரிய ஊரில் ஒரு தெருவில் குடியிருக்கிறோம் என்றால் அந்தத் தெரு நமக்கு என்ன செய்கிறது என்ற கேள்வி வந்து நிற்கிறது. அதற்காகத்தான் இதைக் கையில் எடுத்தேன்.

அந்த ஒரு வாரம்

ஜூலை 13, வியாழக்கிழமை. மிட்வே விமான நிலையத்தில் பதிவான வெப்பம் 106 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 41 டிகிரி செல்சியஸ். 41 என்றதும் 'இதற்கா இவ்வளவு?' என்று நம்மில் பலருக்குத் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அன்று காற்றில் ஈரம் மிக அதிகம். வியர்வை காயவில்லை. ஈரத்தையும் சேர்த்து உடம்புக்கு உறைத்த வெப்பத்தைக் கணக்கிட்டால் செல்சியஸில் 50ஐத் தாண்டுகிறது. ராத்திரியிலும் சூடு இறங்கவில்லை. சிகாகோவின் பழைய வீடுகள் குளிரை மனதில் வைத்துக் கட்டியவை. பகலில் சூட்டைக் குடித்த செங்கல் சுவர்கள் ராத்திரி முழுக்க அதை உள்ளே கக்கிக்கொண்டிருந்தன. மேல்மாடியில் குடியிருந்தவர்களின் பாடு இன்னும் மோசம்.

எல்லோரும் ஒரே நேரத்தில் ஏசியைப் போட்டதில் மின்கட்டமைப்பு தாங்கவில்லை. 49,000 வீடுகளில் மின்சாரம் போயிற்று, சில இடங்களில் இரண்டு நாள்வரை. ஜனங்கள் தெருவோரத் தீயணைப்புக் குழாய்களைத் திறந்துவிட்டு நனைந்தார்கள். ஒரு கட்டத்தில் சுமார் 3,000 குழாய்கள் திறந்து கிடந்தன. அதனால் பல இடங்களில் வீட்டுக் குழாயில் தண்ணீர் நின்றுபோனது. மூட வந்த மாநகராட்சி வண்டிகள்மேல் கல் விழுந்தது. 23 மருத்துவமனைகள் ஏதோ ஒரு நேரத்தில் இடமில்லை என்று ஆம்புலன்ஸ்களைத் திருப்பி அனுப்பின.

வெயில் உச்சம் தொட்டது வியாழன். சாவு உச்சம் தொட்டது சனி. இந்த இரண்டு நாள் இடைவெளியை நான் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். வெப்பம் பெரும்பாலும் உடனே கொல்வதில்லை. உடம்பு ஒரு நாள், இரண்டு நாள் தாக்குப்பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கைவிடுகிறது. அந்த நேரத்தில் யாராவது கதவைத் தட்டியிருக்கலாம். அல்லது உள்ளே இருந்தவரே எழுந்து, குளிர்ச்சியான ஓர் இடத்துக்குப் போய் உட்கார்ந்திருக்கலாம். பலருக்கு இரண்டுமே நடக்கவில்லை. நகர நிர்வாகத்திடம் வெப்ப நெருக்கடித் திட்டம் ஒன்று எழுத்தில் இருந்தது. அதைச் செயல்படுத்தியதும் சனிக்கிழமைதான்.

சிகாகோ அடங்கிய குக் கவுண்ட்டியின் பிணவறை நிரம்பிவிட்டது. வாசலில் போலீஸ் வண்டிகள் உடல்களோடு வரிசையில் நின்றன. குளிர்பதன லாரிகளைக் கொண்டுவந்து வாகன நிறுத்துமிடத்தில் நிறுத்தி, உடல்களை அதில் வைத்தார்கள். தலைமை மருத்துவப் பரிசோதகர் எட்மண்ட் டொனகூ வெயில் சாவு என்று கணக்குச் சொல்லச் சொல்ல, மேயர் ரிச்சர்ட் எம். டேலி அதை மிகைப்படுத்தல் என்றார். தினமும்தான் ஆட்கள் சாகிறார்கள், எல்லாவற்றையும் வெயில் கணக்கில் எழுத முடியுமா என்பது அவருடைய வாதம். அரசியல்வாதி அப்படிச் சொல்வது புதிதல்ல. ஆனால் அந்த வாதத்துக்குப் புள்ளிவிவரத்தில் ஒரு நேரடியான பதில் உண்டு. வழக்கமாக அந்த வாரத்தில் எத்தனை பேர் இறப்பார்கள், 1995இல் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கழித்துப் பார்த்தால் போதும். ஜூலை 14 முதல் 20 வரை மிகுதியாக இறந்தவர்கள் 739 பேர். டொனகூ மிகைப்படுத்தவில்லை, குறைத்தே சொல்லியிருந்தார்.

இறந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூவர் 65 வயதைத் தாண்டியவர்கள். இங்கே வியப்பான ஒன்று உண்டு. தனியாக வாழும் முதியவர்களில் பெண்கள்தான் அதிகம். ஆனால் வயதைச் சரிக்கட்டிப் பார்த்தால் பெண்களைவிட ஆண்கள்தான் கூடுதலாக இறந்திருக்கிறார்கள். உரிமை கோரி யாரும் வராத உடல்களிலும் பெரும்பான்மை ஆண்கள். தனியாக வாழ்வது வேறு, தனித்துப்போவது வேறு என்பது இந்த ஓர் எண்ணிலேயே தெரிகிறது. பாட்டிக்குத் தொலைபேசியில் பேச நாலு பேர் இருக்கிறார்கள். ஒண்டிக்கட்டையான தாத்தாவுக்குப் பெரும்பாலும் அதுவும் இல்லை. ஆகஸ்டில், யாரும் கேட்டு வராத 41 பேரை ஊருக்கு வெளியே ஒரு கல்லறைத் தோட்டத்தில், நீளமாக வெட்டிய ஒரே குழியில் புதைத்தார்கள்.

முதல் ஆய்வு பார்க்காமல் விட்டது

அமெரிக்காவின் மத்திய நோய்த் தடுப்பு அமைப்பு உடனே களத்தில் இறங்கியது. இறந்தவர்கள் 339 பேரை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் அதே வயதில், அதே பகுதியில் உயிரோடு இருக்கும் ஒருவரைத் தேடிப் பிடித்து ஒப்பிட்டார்கள். 1996இல் வெளியான முடிவுகள் தெளிவானவை. படுக்கையில் கிடந்தவர், தினமும் வெளியே போகாதவர், தனியாக வாழ்ந்தவர், மேல்மாடியில் இருந்தவர் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். ஓடும் நிலையில் ஏசி இருந்தவருக்கும், எங்காவது போய்வர வண்டி வசதி இருந்தவருக்கும் ஆபத்து குறைவு. ஏதாவது ஒரு சங்கத்தில் உறுப்பினராக இருந்தால்கூட, வீட்டில் நாயோ பூனையோ இருந்தால்கூடச் சாவு கொஞ்சம் தள்ளி நின்றது.

நல்ல ஆய்வுதான். ஆனால் அதன் அமைப்பிலேயே ஒரு குருட்டுப் புள்ளி இருக்கிறது. ஒப்பிட எடுத்துக்கொண்ட ஆள் அதே பேட்டைக்காரர். பேட்டையைச் சமமாக வைத்துக்கொண்ட பிறகு, பேட்டையால் என்ன வித்தியாசம் என்பதை அந்த ஆய்வு எப்படிப் பார்க்கும்? தனிமனிதரின் குறைகள் மட்டுமே பட்டியலில் வரும். அதிகாரிகள் சிலர் இதை இன்னும் ஒருபடி மேலே கொண்டுபோய், இறந்தவர்கள் தங்களைக் கவனித்துக்கொள்ளவில்லை என்று பேசினார்கள்.

இந்த இடைவெளியில்தான் எரிக் கிளினென்பெர்க் நுழைந்தார். சிகாகோவில் பிறந்து வளர்ந்த சமூகவியலாளர். வரைபடத்தில் சாவுகளைப் பேட்டைவாரியாகக் குறித்துப் பார்த்து, பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் எண்ணிக்கையில் எங்கோ இருந்த இரண்டு லாண்டேல்களைத் தேர்ந்தெடுத்து, தெருத்தெருவாக நடந்தார். 2002இல் அதைப் புத்தகமாகவும் வெளியிட்டார்.

சாலைக்கு வடக்கே

வட லாண்டேல் ஒருகாலத்தில் நெரிசல் பிதுங்கிய இடம். 1960இல் அங்கே சுமார் 1,25,000 பேர். தபால் வழி வியாபாரத்தில் அமெரிக்காவையே கையில் வைத்திருந்த சியர்ஸ் நிறுவனத்தின் தலைமையகம் 1906இலிருந்து அங்கேதான் இருந்தது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் தொழிற்சாலை ஒரு பக்கம். மேற்கு எல்லையைத் தாண்டினால் வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கின் பிரம்மாண்டமான ஹாத்தார்ன் ஆலை. ரூஸ்வெல்ட் சாலை முழுக்கக் கடைகள்.

முன்பு யூதர்கள் நிறைந்திருந்த பேட்டை அது. 1950களில் அவர்கள் வெளியேற, கறுப்பினத்தவர்கள் வந்தார்கள். வங்கிகள் கறுப்பினத்தவருக்கு வீட்டுக்கடன் தர மறுத்த காலம். அதனால் பலர் தரகர்களிடம் தவணை ஒப்பந்தத்தில், சந்தை விலையைவிட மிக அதிகம் கொடுத்து வீடு வாங்கினார்கள். ஒரு தவணை தவறினால் வீடும் போகும், கட்டிய பணமும் போகும். 1966இல் மார்ட்டின் லூதர் கிங், சேரி வீடுகளின் நிலையை நாடு பார்க்கட்டும் என்று இந்தப் பேட்டையில்தான் ஒரு பழைய குடியிருப்பில் வாடகைக்குக் குடிவந்தார். இரண்டு வருடம் கழித்து அவர் கொல்லப்பட்டபோது வெடித்த கலவரத்தில் எரிந்த கடைவீதிகளில் இந்தப் பேட்டையுடையதும் ஒன்று. எரிந்த கடைகளில் பல திரும்பக் கட்டப்படவே இல்லை.

அப்புறம் வேலை போனது. ஹார்வெஸ்டர் 1960களின் கடைசியில் மூடியது. சியர்ஸ் 1970களில் நகர மையத்தில், அன்றைக்கு உலகிலேயே உயரமான கட்டடத்தைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. ஹாத்தார்ன் ஆலை 1980களில் மூடப்பட்டது. வசதி வந்தவர்கள் வெளியேறினார்கள். 1990 கணக்கெடுப்பில் மிச்சம் சுமார் 47,000 பேர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஜனம் காணாமல் போன இடத்தில் தெரு எப்படி இருக்கும்? இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரு காலி மனை, புதர், கண்ணாடிச் சில்லு. மளிகைக் கடைக்குப் போக பஸ் பிடிக்க வேண்டும். காலியான மூலைகளில் போதைப்பொருள் வியாபாரம் வந்து உட்கார்ந்தது. வயதானவர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தார்கள். அது புத்திசாலித்தனமும்கூட, ஏனென்றால் வெளியே உண்மையாகவே ஆபத்து இருந்தது. ஜூலை மாதத்தில் ஜன்னலைச் சாத்தி, கதவைத் தாழிட்டு, திருட்டுக்குப் பயந்து உள்ளே இருந்தவரை வெயில் வந்து பிடித்தது.

இதைப் படிக்கும்போது அங்கே அக்கம்பக்கம் என்பதே இல்லை என்று தோன்றக்கூடும். அப்படியில்லை. தேவாலயங்கள் இருந்தன, தெருக் குழுக்கள் இருந்தன, ஒருவரையொருவர் நாற்பது வருடமாகத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். பாசம் இருந்தது. ஆனால் அது நடந்து போய்ச் சேர வேண்டிய நடைபாதைதான் காலியாகக் கிடந்தது.

சாலைக்குத் தெற்கே

தென் லாண்டேலுக்கு லிட்டில் வில்லேஜ் என்றும் பெயர். முன்பு செக், போலிஷ் குடும்பங்கள். 1960களிலிருந்து மெக்சிகோக்காரர்கள் வரத் தொடங்கி, 1990க்குள் பெரும்பான்மையாகிவிட்டார்கள். அந்தக் கணக்கெடுப்பில் 81,000 பேர். காலி வீடு கிடைப்பதே அரிது. 26ஆவது தெரு முழுக்கக் கடைகள், தள்ளுவண்டிகள், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு போகும் அம்மாக்கள்.

லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் அன்று நகரின் மக்கள்தொகையில் சுமார் கால் பங்கு. வெயில் சாவுகளில் அவர்கள் பங்கு வெறும் 2 சதவீதம். உடனே எல்லோருக்கும் ஒரு விளக்கம் தயாராக இருந்தது: அவர்கள் குடும்பப் பாசம் உள்ளவர்கள், பெரியவர்களைக் கைவிட மாட்டார்கள். கேட்க இதமான விளக்கம். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். ஆனால் இந்த விளக்கத்தைக் கவிழ்த்துவிடும் ஒரு கூட்டம் தென் லாண்டேலிலேயே இருந்தது. பழைய செக், போலிஷ் முதியவர்கள். பிள்ளைகள் எப்போதோ புறநகர்களுக்குப் போய்விட்டார்கள். தெருவில் பேசும் மொழி மாறிவிட்டது. பழைய வீட்டில் தனியாக மிச்சமிருந்தவர்கள் இவர்கள். பாசக் கணக்குப்படி முதலில் செத்துப்போயிருக்க வேண்டியவர்கள் இவர்கள்தான். போகவில்லை.

கிளினென்பெர்க்கின் விளக்கம் எளிமையானது. அவர்களுக்கு வெளியே போக ஒரு காரணம் இருந்தது, போகப் பயமும் இல்லை. கடை நடந்துபோகும் தூரத்தில். வழியெல்லாம் ஜனம். கடைக்குள் ஏசி. யாரோடும் நெருங்கிப் பழக வேண்டிய அவசியமே இல்லை. புதிதாக வந்தவர்களைப் பற்றி அவர்களில் சிலருக்கு மனக்குறைகூட இருந்திருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும். கூட்டமான தெரு, பிடிக்காதவரையும் சேர்த்தே காப்பாற்றியது.

இந்த விவகாரத்தில் என்னை முதலில் இழுத்ததே இந்தப் பகுதிதான். பேட்டை வாழ்க்கை என்றாலே அண்டை வீட்டாரோடு எப்படி உறவாக இருப்பது என்று பேசுகிறோம். தெரு அதற்கு முந்தைய, இன்னும் சாதாரணமான ஒரு வேலையைச் செய்கிறது. ஆளை வீட்டைவிட்டு வெளியே இழுக்கிறது, நாலு பேர் கண்ணில் படவைக்கிறது.

சந்தேகங்கள்

இதற்கு எதிர்ப்பு வராமல் இருக்குமா? வந்தது, அதுவும் பலமாக. 2006இல் மிட்செல் டுனியர் என்ற சமூகவியலாளர், இரண்டு லாண்டேல்களிலும் இறந்தவர்களின் முகவரிகளுக்கே போய் விசாரித்து ஒரு கட்டுரை எழுதினார். பேட்டையின் பொதுக்குணத்தைப் பார்த்து அங்கே இறந்தவர் இப்படித்தான் இறந்திருப்பார் என்று முடிவுகட்டக் கூடாது என்பது அவர் வாதம். இறந்தவர்கள் எல்லோரும் பயந்து வீட்டுக்குள் ஒடுங்கிய முதியவர்கள் என்ற படம் அவருடைய விசாரணையில் பொருந்தி வரவில்லை. கிளினென்பெர்க் காரமாகப் பதில் எழுதினார், மறுபடியும் இறந்தவர்கள் மேலேயே பழியைப் போடுகிறீர்கள் என்று.

டுனியர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. 19, 3 என்பவை சின்ன எண்கள். நாலு பேர் கூடக்குறைய இருந்தால் விகிதம் எங்கோ போய்விடும். இரண்டு பேட்டைகளை மட்டும் எடுத்து, பிடித்த கதையை அதில் ஏற்றிவிடும் அபாயம் எப்போதும் உண்டு. லாண்டேல் ஜோடியை மட்டும் நம்பி இருந்தால் நானும் இதை இவ்வளவு அழுத்தமாக எழுதியிருக்க மாட்டேன்.

என் மனதை ஒரு பக்கமாகச் சாய்த்தவை வேறு இரண்டு. ஒன்று, நகரின் தெற்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு ஜோடி: இங்கிள்வுட், ஆபர்ன் கிரெஷம். அதுவும் பக்கத்துப் பக்கத்துப் பேட்டைகள். இரண்டிலும் 99 சதவீதம் கறுப்பினத்தவர். முதியவர்களின் விகிதம் ஏறத்தாழ ஒன்று. இரண்டிலும் வறுமை, வேலையின்மை, குற்றம் எல்லாம் உண்டு. இங்கே இனத்தையோ மெக்சிகோக் குடும்பப் பாசத்தையோ காரணமாகக் காட்ட வழியே இல்லை. இங்கிள்வுட்டில் லட்சத்துக்கு 33 சாவு. ஆபர்ன் கிரெஷமில் 3. வடக்கே இருந்த பல பணக்காரப் பேட்டைகளைவிட அது பத்திரமாக இருந்தது. வித்தியாசம் என்னவென்றால், 1960க்கும் 1990க்கும் நடுவே இங்கிள்வுட் தன் ஜனத்தில் பாதியையும் கடைகளில் பெரும்பகுதியையும் இழந்தது. ஆபர்ன் கிரெஷம் ஜனத்தை இழக்கவில்லை. அங்கே நடைபாதை இருந்தது, கடை இருந்தது, சாப்பிடப் போக இடம் இருந்தது.

இரண்டாவது, டுனியரின் கட்டுரை வந்த அதே 2006இல் கிறிஸ்டோபர் பிரவுனிங்கும் அவருடைய சகாக்களும் செய்த புள்ளிவிவர ஆய்வு. ஒன்றிரண்டு பேட்டைகளோடு நிற்காமல் நகரின் பேட்டைகளைப் பரவலாக எடுத்துக்கொண்டார்கள். அக்கம்பக்கத்தாரோடு எவ்வளவு பழகுகிறார்கள், ஒருவர்மேல் ஒருவருக்கு எவ்வளவு நம்பிக்கை என்பதையெல்லாம் அளந்து கணக்கில் சேர்த்துப் பார்த்தார்கள். வெயில் சாவோடு அவற்றுக்குத் தனியாகத் தொடர்பு தெரியவில்லை. தெரிந்தது எதுவென்றால், கடைத்தெருவின் சிதைவு. கடைகள் பாழாய்ப்போன பேட்டையில் சாவு கூடுதல். வெயில் இல்லாத ஆண்டுகளின் அதே ஜூலை வாரங்களை எடுத்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியவில்லை.

நட்பை அளந்தார்கள், கிடைத்தது கடை. நட்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பேட்டையை மேம்படுத்துகிறோம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் விழாவும் கூட்டமும் நடத்தி உறவை வளர்க்கப் பார்க்கிறார்கள். காலிக் கடையில் மறுபடி ஷட்டர் திறக்க வைப்பதைப் பற்றி அதே வேகத்தில் யோசிப்பவர் குறைவு.

அதன்பிறகு

நகரம் பாடம் கற்றுக்கொள்ளவில்லை என்று சொல்ல முடியாது. 1999 கோடையில் மறுபடி கடும் வெயில் வந்தபோது நிர்வாகம் முன்கூட்டியே விழித்துக்கொண்டது. எச்சரிக்கை போனது, குளிர்ச்சி மையங்கள் திறந்தன, அங்கே போக இலவச பஸ் ஓடியது. தனியாக வாழும் முதியவர்களின் கதவை போலீசாரும் மாநகராட்சி ஊழியர்களும் போய்த் தட்டினார்கள். அந்த முறை இறந்தவர்கள் 110 பேர். 739 எங்கே, 110 எங்கே. கதவைத் தட்டுவதால் உயிர் பிழைக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இருந்தாலும் 110 பேர் என்பது குறைவான எண்ணும் இல்லை. குளிர்ச்சி மையத்தில் எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. வருடம் முழுக்கப் போகாத ஒரு கட்டடத்துக்கு, உடம்பு முடியாத ஒரு நாளில், 'நான் ஆபத்தில் இருக்கிறேன்' என்று ஒப்புக்கொண்டு ஒருவர் கிளம்பிப் போக வேண்டும். கடைக்குப் போக அப்படி எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். பால் தீர்ந்துபோனால் போதும். கதவைத் தட்டும் ஊழியரிடமும் இதே சிக்கல்தான். நாற்பது வருடம் பயந்து பூட்டிய கதவை, முன்பின் தெரியாத ஒருவர் தட்டினால் திறப்பார்களா?

வெயிலுக்கான திட்டம் ஆண்டுக்கு ஆண்டு சீராகிக்கொண்டு வந்தது. தெரு அப்படிச் சீராகவில்லை. 1960இல் 1,25,000 பேர் இருந்த வட லாண்டேலில், 2020 கணக்கெடுப்பின்போது இருந்தவர்கள் சுமார் 35,000 பேர்.